வைரஸ் கார்ட் எச்சரித்தால்: அழிக்கவும் வேண்டாம், அனுமதிக்கவும் வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கம்பியூட்டரோ லெப்டொப்போ வைத்திருப்பவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்திருக்கும் உம்மா வாப்பாமார், பொறுமையாக வாசியுங்கள்.

கடந்த மாதம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு, முன்பு என்னிடம் படித்த ஒரு மாணவன் தன் உம்மாவோடு வீட்டுக்கு வந்தான். உம்மாவின் கையில் ஒரு பென் டிரைவ். அவருடைய கணவர் வபாத்தாகி இரண்டு வருடங்கள் ஆகின்றன.

"சேர், இதுக்குள்ள பிள்ளைட வாப்பாட சத்தம் ஈக்கி. வேற ஒன்டும் வேணாம், அத மட்டும் எடுத்துத் தந்தா போதும்" என்றார்.

நடந்தது இதுதான். கணவரின் பழைய போனில் இருந்த போட்டோக்களையும் வட்ஸ்அப் வொய்ஸ்களையும் மகன் அந்தப் பென்னில் சேமித்து வைத்திருக்கிறான். பிறகு டியூஷன் பேப்பர் எடுக்க அதே பென்னை ஒரு கொமியூனிகேஷனில் கொடுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து கம்பியூட்டரில் போட்டதும் வைரஸ் கார்ட் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கத் தொடங்கியிருக்கிறது. திறந்து பார்த்தால் போல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருந்தன. பயந்துபோய் டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனான். உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. போர்மட் பண்ணி, "இப்ப சரி" என்று கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு இவனும் அதே பென்னில் வேறு பைல்களைப் போட்டுவிட்டான்.

அழிந்த பைல்களை மீட்கும் சொப்ட்வெயார் ஒன்றைப் போட்டு இரண்டு இரவுகள் முயன்றேன். போட்டோக்களில் ஒரு பகுதி கிடைத்தது. குரல் பதிவுகளில் ஒன்றே ஒன்றுதான் திறந்தது. "மகன், வரக்குள்ள பாண் ஒரு றாத்தல்..." அவ்வளவுதான், பாதியில் நின்றுவிடுகிறது. அந்த உம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

மனதை அறுப்பது இதுதான்: அந்தப் பைல்களை வைரஸ் அழிக்கவில்லை. நாம்தான் அழித்தோம்.

ஷோர்ட்கட் வைரஸ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் என்ன செய்கிறது தெரியுமா? பென்னில் இருக்கும் போல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட்களைப் போட்டு வைக்கிறது. நாம் அதை அழுத்தினால் உண்மையான போல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். நமக்குச் சந்தேகமே வராது. சில வகைகள் எல்லாவற்றையும் பெயரில்லாத ஒரு போல்டருக்குள் தள்ளி ஒளித்து வைக்கும். அநேகமான நேரங்களில் நம்முடைய பைல்கள் உள்ளேயே பத்திரமாக இருக்கும். விண்டோஸில் மறைந்த பைல்களைக் காட்டும் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்ற தெரிவை இயக்கி, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் பைல்களை மறைக்கும் தெரிவையும் எடுத்துவிட்டால் அவை கண்ணுக்குத் தெரியும். 'அட்ரிப்' என்ற ஒரு கட்டளையால் பழைய நிலைக்கும் கொண்டுவரலாம். விஷயம் தெரிந்த ஒருவருக்கு ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை யாரும் செலவழிக்கவில்லை.

வைரஸ் கார்ட் எச்சரிக்கும்போது நம் மக்கள் மூன்று தவறுகளைச் செய்கிறார்கள் என்பது என் அனுபவம். ஒன்று பயத்தால் வருகிறது, ஒன்று ஆசையால் வருகிறது, ஒன்று வெட்கத்தால் வருகிறது.

முதலில் பயம்.

சிவப்பு நிறத்தைக் கண்டதும் "எல்லாத்தையும் அழி" என்று அழுத்துகிறோம். வைரஸ் கார்ட் சொல்வது ஒரு முறைப்பாடு. அது கடைசித் தீர்ப்பு கிடையாது. அதுவும் பிழை விடும். 2010 ஏப்ரல் 21ஆம் திகதி மெக்கபி நிறுவனம் வெளியிட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தப் பைலான 'எஸ்விசிஹோஸ்ட்' என்பதையே வைரஸ் என்று பிடித்தது. உலகெங்கும் அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் கம்பியூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. அந்தக் கம்பியூட்டர்களை முடக்கியது வைரஸ் அல்ல, காவலாளிதான்.

ஆகவே எச்சரிக்கை வந்தால் முதலில் செய்ய வேண்டியது தனிமைப்படுத்தல். 'குவாரண்டைன்' என்று அதில் ஒரு தெரிவு இருக்கும். இந்தச் சொல்லை நம் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2020 மார்ச் இறுதியில் அக்குறணை முடக்கப்பட்டது மறந்திருக்காது. உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. ஆனால் ஊர் ஊராகவே இருந்தது. கொள்ளை நோய் பரவிய ஊர் விடயத்தில் நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழியைப் பற்றி அந்த நாட்களில் எத்தனை பயான்கள் கேட்டோம். பைலுக்கும் அதே முறைதான். தனிமைப்படுத்திய பைல் வைரஸ் கார்டின் பூட்டிய பெட்டிக்குள் போய்விடும். அங்கிருந்து அதனால் ஓட முடியாது, பரவ முடியாது. தவறாகப் பிடிபட்டது என்று தெரிந்தால் திருப்பி எடுக்கவும் முடியும். அழித்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சில கார்ட்கள் தனிமைப்படுத்தியதைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தாமாகவே அழித்துவிடும். மாதக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

தனிமைப்படுத்திய பிறகு நிதானமாக மூன்று விஷயங்களைப் பாருங்கள். விண்டோஸ் டிபென்டர் பாவிப்பவர்களுக்கு 'புரொடெக்ஷன் ஹிஸ்ட்ரி' என்ற இடத்தில் எல்லாம் எழுதப்பட்டிருக்கும்.

1. பைலின் பெயர் என்ன? விண்டோஸ் சாதாரணமாகப் பைலின் கடைசிப் பகுதியைக் காட்டாது. 'போட்டோ.ஜேபிஜி' என்று தெரிவது உண்மையில் 'போட்டோ.ஜேபிஜி.ஈஎக்ஸ்ஈ' ஆக இருக்கலாம். அது படமல்ல, படத்தின் உடுப்பைப் போட்ட புரோகிராம்.

2. எந்த இடத்தில் இருந்தது? டவுன்லோட் போல்டரிலோ பிரவுசரின் தற்காலிக இடத்திலோ இருந்த, நமக்குத் தெரியாத பைல் என்றால் கவலையில்லாமல் அழிக்கலாம். விண்டோஸ் போல்டருக்குள் என்றால் கையால் எதையும் அழிக்காதீர்கள், தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். நீங்களே தயாரித்த வேர்ட், எக்ஸெல் பைல் என்றால் அதற்குள் மெக்ரோ என்ற சிறு புரோகிராம் புகுந்திருக்கலாம். முதலில் சுத்தம் செய்யும் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

3. என்ன வகை என்று சொல்கிறது? 'ட்ரோஜன்', 'வேர்ம்', 'ஹெக்டூல்' என்று பெயரின் முன்னால் இருக்கும். அதை ஒரு துண்டில் எழுதி வையுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். உதவி கேட்கும்போது "என்னமோ சிவப்பா வந்திச்சி" என்பதைவிட அது ஆயிரம் மடங்கு பிரயோசனம்.

சந்தேகமான பைலை வைரஸ்டோட்டல் என்ற இணையத்தளத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். பல டசின் வைரஸ் கார்ட்கள் ஒரே நேரத்தில் அதைப் பார்த்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் சந்தேகப்பட்டால் தவறான பிடியாக இருக்க வாய்ப்பு உண்டு. நிறைய கார்ட்கள் ஒத்துச் சொன்னால் பேச்சே இல்லை. ஆனால் அங்கு ஏற்றும் பைல்கள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் புள்ளிகள், நிக்காஹ் பத்திரங்கள் போன்றவற்றை ஏற்றாதீர்கள். அவை அமானிதம்.

சில வைரஸ்கள் கம்பியூட்டரில் உள்ள புரோகிராம் பைல்கள் எல்லாவற்றுக்குள்ளும் ஒட்டிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான ஈஎக்ஸ்ஈ பைல்கள் பிடிபட்டால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து பயனில்லை. போட்டோ, குரல், எழுத்து வேலைகளை மட்டும் பத்திரமாக எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. அப்படிப் போடும்போதும் வரிசை இதுதான்: முதலில் எடுப்பது, பிறகு போர்மட்.

இரண்டாவது ஆசை.

இது முதலாவதற்கு நேர் எதிர். வைரஸ் கார்ட் ஒன்றைப் பிடிக்கிறது. நாம் 'அலவ்' என்று அனுமதிக்கிறோம். ஏன்? அது இலவசமாகக் கிடைத்த க்ரெக். விண்டோஸையும் ஒபிஸையும் போட்டோஷொப்பையும் காசில்லாமல் ஓட வைக்கும் அந்தச் சிறு பைலைத்தான் டிபென்டர் 'ஹெக்டூல்' என்று பிடிக்கும். "அது அப்படித்தான் காட்டும், வைரஸ் கார்ட்ட ஓப் பண்ணிட்டுப் போடுங்க" என்று கடையில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பையன்கள் யூடியூபில் பார்த்துத் தாங்களே செய்கிறார்கள்.

எல்லா க்ரெக்கிலும் வைரஸ் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எதில் இருக்கிறது என்று நமக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆளின் வாயைக் கட்டிவிட்டுத்தான் அதைப் போடுகிறோம் என்று சொல்கிறேன். 'ஸ்டொப்' என்றும் 'டிஜேவு' என்றும் அழைக்கப்படும் ரென்சம்வெயார் உலகெங்கும் வீட்டுக் கம்பியூட்டர்களைப் பிடித்தது பெரும்பாலும் இந்த க்ரெக் வழியாகத்தான். போட்டோ, டொக்கியுமென்ட் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு 980 டொலர் கேட்டது. 72 மணித்தியாலத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி, 490 டொலர் என்று கழிவு வேறு. 2019 ஒக்டோபரில் எம்சிசொப்ட் நிறுவனம் பழைய வகைகள் பலவற்றைத் திறக்கும் கருவியை இலவசமாக வெளியிட்டது. புதிய வகைகளில் பலருக்கு அந்த வழியும் இருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐபிஎம் வகைக் கம்பியூட்டர்களைப் பிடித்த முதல் வைரஸ் 1986இல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து வந்த 'பிரெய்ன்'. எழுதியவர்கள் பாசித், அம்ஜத் என்ற இரண்டு சகோதரர்கள். தாங்கள் தயாரித்த மருத்துவ சொப்ட்வெயாரைத் திருட்டுத்தனமாகக் கொப்பி அடிப்பவர்களைப் பிடிக்கவே எழுதியதாக அவர்கள் சொன்னார்கள். தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எழுதியிருந்தார்கள். வைரஸின் கதையும் கள்ளக் கொப்பியின் கதையும் ஆரம்பத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்து வீடு.

மார்க்க ரீதியாகவும் யோசிப்போம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, எழுத்தாக்கம், கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமைகளும் மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகளே, அவற்றை மீறக் கூடாது என்று தீர்மானித்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கம்பியூட்டர் புரோகிராம்களைப் பாதுகாக்கிறது. லைசன்ஸின் விலை நமக்கெல்லாம் எட்டாது என்பது உண்மைதான், ஆசிரியர் சம்பளத்தில் எனக்கும் எட்டாது. ஆனால் லிப்ரே ஒபிஸ் இலவசம், ஹலாலான இலவசம். என் வினாத்தாள்களை இப்போது அதில்தான் தயாரிக்கிறேன். பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவையும் அந்த எழுத்துரு இருந்தால் அதில் திறக்கின்றன. விண்டோஸ் 8 முதல் விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிபென்டரும் இலவசம்தான். அதை நிறுத்திவிட்டு, க்ரெக் பண்ணிய வேறொரு வைரஸ் கார்ட்டைப் போட்டிருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கள்ளனைப் பிடிக்கக் கள்ளப் பொலிஸை வைப்பது போன்ற வேலை அது.

மூன்றாவது வெட்கம். இதுதான் எல்லாவற்றையும்விட மோசமானது. இதில் என் பிழையைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் மூன்றாம் தவணைப் பரீட்சைக் காலம். வினாத்தாள் அச்சடிக்கக் கொடுத்த பென் திரும்பி வந்தது. அதை அப்படியே ஸ்டாப் ரூம் கம்பியூட்டரில் போட்டேன். அன்று இரவு வீட்டில் போட்டபோதுதான் வைரஸ் கார்ட் கத்தியது. நான் தனிமைப்படுத்தினேன், என் கம்பியூட்டரைச் சுத்தம் செய்தேன். ஆனால் பாடசாலையில் யாரிடமும் சொல்லவில்லை. "சேரும் வைரஸ் கொண்டு வந்துட்டார்" என்று சிரிப்பார்களே என்ற வெட்கம். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று நாளில் இரண்டு ஆசிரியர்கள் அதே கம்பியூட்டரில் தங்கள் பென்களைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு டீச்சருடைய புள்ளிப் பட்டியல் எக்ஸெல் பைல் பிடிபட்டிருக்கிறது. வீட்டில் மகன் பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். 41 பிள்ளைகள், 9 பாடங்கள். விடைத்தாள் கட்டுகளை அவிழ்த்து இரண்டு இரவு விழித்திருந்து அவர் மீண்டும் பதிந்தார். அந்தப் பிள்ளைக்கு வீட்டில் அடியும் விழுந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த மகனிடமும் கேட்டேன். அவன் விழித்துப் பார்த்தான். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டு அவன் கண்டதில்லை போலும்.

நம் ஊர்களில் ஒரு பென் எத்தனை கைகளுக்குப் போகிறது என்று யோசியுங்கள். பயான், கிராஅத், கல்யாண வீடியோ, பாஸ்ட் பேப்பர், பள்ளி நிர்வாகத்தின் கணக்கு, மத்ரஸா நோட்டீஸ். கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளை, மடவளையிலிருந்து அக்குறணை, அங்கிருந்து கம்பளை. ஒரு வீட்டில் பிடிபட்ட வைரஸ் அந்த ஒரு வீட்டின் பிரச்சினை இல்லை. தனக்குத் தொற்று இருப்பதை அறிந்துகொண்டே சபையில் போய் உட்காருபவரை நாம் என்ன சொல்வோம்? பென் விடயத்தில் மட்டும் ஏன் வேறு சட்டம்?

பிள்ளைகளை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை சிவப்பு எச்சரிக்கை வரும்போது அவன் உங்களிடம் சொல்ல மாட்டான். 'அலவ்' என்று அழுத்திவிட்டு மூடிவிடுவான். உங்கள் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டும் அதே கம்பியூட்டரில்தான் இருக்கிறது. "வாப்பா, ஒரு வைரஸ் வந்திரிக்கி" என்று ஒரு பிள்ளை தானாக வந்து சொன்னால், அவனுக்கு நல்ல வார்த்தை சொல்லுங்கள். வீட்டில் உள்ள சிறந்த வைரஸ் கார்ட் அவன்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் பைல் போகும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையையே ரென்சம்வெயார் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்படப் பல அரச அலுவலகங்கள் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை இழந்தன. பாவித்த சொப்ட்வெயார் 2013ஆம் ஆண்டின் பழைய பதிப்பு. இணைப்பிலேயே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. அந்தக் காலப்பகுதிக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால் நம் வீட்டு லெப்டொப் எம்மாத்திரம்?

ஆகவே முக்கியமானவற்றுக்கு இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று கம்பியூட்டரோடு இணைக்காமல் அலுமாரிக்குள் இருக்கட்டும். வபாத்தானவர்களின் போட்டோவும் குரலும் இருக்கும் பென்னை வேறு எந்த வேலைக்கும் பாவிக்காதீர்கள், கடைக்குக் கொடுக்காதீர்கள். அச்சடிக்கக் கொடுக்க வேறொரு மலிவான வெறும் பென் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக, எச்சரிக்கை வந்தால்:

- இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், பென்னைக் கழற்றுங்கள்.
- தனிமைப்படுத்துங்கள். பெயர், இடம், வகை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.
- முழு ஸ்கேன் போடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் டிபென்டரின் 'ஒப்லைன் ஸ்கேன்' போடுங்கள். விண்டோஸ் ஓடத் தொடங்குமுன்பே அது தேடிப் பிடிக்கும்.
- ட்ரோஜன் வகை என்றால் வங்கி, ஈமெயில், பேஸ்புக் பாஸ்வேர்ட்களை வேறொரு சுத்தமான போனிலிருந்து மாற்றுங்கள்.
- கடைக்குக் கொடுத்தால் "உள்ளே இருப்பதை எடுக்காமல் போர்மட் பண்ண வேண்டாம்" என்று வாயால் சொல்லி, முடிந்தால் எழுதியும் கொடுங்கள்.
- கடைசி ஒரு வாரத்தில் அந்தப் பென் யாரிடமெல்லாம் போனதோ அவர்களுக்கு ஒரு வட்ஸ்அப் அனுப்புங்கள். இரண்டு வரி போதும்.

பாடசாலையில் வைரஸின் வரைவிலக்கணத்தை ஓ.எல். பரீட்சைக்காகப் பாடமாக்கிக் கொடுக்கிறோம். திரையில் அந்தச் சிவப்புப் பெட்டி வந்தால் எதை அழுத்துவது என்று சொல்லிக் கொடுப்பதில்லை. இது என்னையும் சேர்த்து ஆசிரியர்களாகிய எங்கள் குறை. பாடசாலை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, பள்ளி மண்டபத்திலோ பாடசாலையிலோ, தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பெரிய மாணவர்களை வைத்து ஊரவர்களின் பென்களைப் பார்த்துக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். பெரிய செலவில்லை. நிர்வாகத்தில் இருப்பவர்கள் யோசியுங்கள், நான் வரத் தயார்.

அந்த உம்மா போகும்போது, கிடைத்த அந்தப் பாதிக் குரலை வேறு வேறு இரண்டு இடங்களில் பதிந்து கொடுத்தேன். "இதாச்சும் கெடச்சிச்சே சேர், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். முழுக்கவும் கிடைத்திருக்கும். ஒரே ஒருவர், "உள்ளுக்கு என்ன ஈக்கி?" என்று கேட்டிருந்தால் போதும்.

அடுத்த வீட்டுக்கு அப்படி நடக்க வேண்டாம். பிரயோசனம் என்று நினைத்தால் உங்கள் குடும்பக் குரூப்களில் பகிருங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்வேன்.

வஸ்ஸலாம்.